28 இஞ்ச் முடுக்கு, 4 டன் சாமான், ஏற்கனவே அடிபட்ட முதுகு

முதல்லயே சொல்லிடுறேன், நான் கொத்தனாரும் இல்ல லோடுமேனும் இல்ல. ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடத்துல ஜெராக்ஸ் கடை, காலைல உக்காந்தா ராத்திரிதான் எந்திரிக்கிறது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு சிமெண்ட் மூட்டைய, 50 கிலோ, தரையில இருந்து குனிஞ்சு அப்படியே தூக்கி வலது பக்கம் ஒரு திருப்பு திருப்புனேன், இடுப்புல டக்குன்னு ஒண்ணு, அவ்வளவுதான், பதினேழு நாள் பாய்ல கெடந்தேன். ஸ்கேன் எடுத்துப் பாத்தா எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்குறது, பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு. ஆபரேசன் தேவையில்ல, ஆனா குனிஞ்சுக்கிட்டே தூக்குறது, தூக்கிக்கிட்டே திரும்புறது ரெண்டையும் மறந்துருங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பிட்டாரு.

அப்படிப்பட்ட ஆளு எதுக்கு இந்த வேலைக்கு எறங்குனான்னு கேப்பீங்க. எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு ரெண்டேகால் செண்ட் சும்மா கெடக்கு. பாதி கடல் மணல், வீட்டை ஒட்டுன பகுதி மட்டும் பழைய கட்டட இடிசலப் போட்டு மேடாக்குனது, அதுல தண்ணி எறங்காது. ஐப்பசி கார்த்திகையில அடுப்படி வாசல்ல கணுக்கால் அளவுக்கு நிக்கும், தவளை உள்ள வரும். மணல் பக்கம் முருங்கையத் தவிர ஒண்ணும் வேர் புடிக்காது. அதனால வீட்டோரமா ஒரு பள்ளம் எடுத்து ஜல்லி நெரப்புறது, அது மேல நடக்க கடப்பா கல்லு, மல்லிக்கும் ரெண்டு தென்னைக்கும் செம்மண்ணு. இதுதான் பிளான். கூடவே எங்கம்மா ஒண்ணச் சேத்தாங்க, முன்வாசல்ல கெடக்குற துவைக்கிற கல்லையும் பின்னாடி கொண்டு போயிருன்னு. அது எங்க தாத்தா காலத்துக் கருங்கல்லு.

சாமான் கணக்கு போட்டுப் பாத்தேன். செம்மண் அரை யூனிட், அதாவது 50 கன அடி, சுமாரா 2 டன். 20 எம்எம் ஜல்லி 25 கன அடி, 1 டன் சொச்சம். கடப்பா கல்லு 3க்கு 2 அடி, 40 எம்எம் கனம், 14 கல்லு, ஒவ்வொண்ணும் 60 கிலோ பக்கத்துல. துவைக்கிற கல்லு 4 அடி நீளம், 2 அடி அகலம், அரை அடி கனம், கருங்கல்லுக்குக் கணக்குப் போட்டா 300 கிலோ. மொத்தம் 4 டன்னுக்கு மேல. வீட்டுக்குள்ள பூந்து போகாம இதெல்லாம் பின்னாடி போறதுக்கு இருக்குற ஒரே வழி வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவுல இருக்குற முடுக்கு. அளந்தா 28 இஞ்ச். நீளம் 34 அடி. நடுவுல ஒரு சேம்பர் மூடி, கடைசியில பாத்ரூம் மூலை, அங்க வலது பக்கம் திரும்பணும். அந்த மதில் அந்தக் காலத்துல கடல்பாறைக் கல்லு வச்சுக் கட்டுனது, பூச்சு உதுந்து போய் சொரசொரன்னு அரம் மாதிரி இருக்கும். (இப்ப அந்தக் கல்ல எடுக்கவே கூடாது, பவளப்பாறைய 2001ல வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணையில சேத்துட்டாங்க. பள்ளம் தோண்டும்போது நாலஞ்சு துண்டு வந்துச்சு, பாத்திக்கு பார்டர் வைங்கன்னு சொன்னாங்க, வேணாம்னு அதே பள்ளத்துல போட்டு மூடிட்டேன்.)

ஆள் விட்டுச் செய்யலாம்தான். கேட்டேன். முடுக்கைப் பாத்துட்டு ஒருத்தர் சொன்ன கூலி, சாமான் வெலைய விட அதிகம். சாமான் வெலையே இங்க கூட, எல்லாம் பாம்பன் பாலம் தாண்டி வரணும்ல.

நல்லவேளை மே மாசம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, என் பொண்டாட்டியோட தம்பி, நான் மாப்ளன்னு கூப்புடுறவன், வீட்டுலதான் இருந்தான். அவன்கிட்ட கேட்டா, "அதுக்கென்ன மச்சான், ரெண்டு நாள்ல முடிச்சுரலாம்"னான். ரெண்டு நாள்ல முடியல, அஞ்சு நாள் ஆச்சு, ஆனா அந்த அஞ்சுல முத நாள் பூரா நாங்க ஒரு கல்லக் கூட நகத்தல, அதத்தான் இந்தப் பதிவுல முக்கியமா சொல்ல வந்தேன்.

முத நாள் நான் பண்ண முட்டாத்தனம் ஒண்ணு. குட்டி யானை மொத நடை செம்மண்ண எறக்கிட்டுப் போனதும் ஆசைக்கு ரெண்டு பெயிண்ட் வாளி, 20 லிட்டர் வாளி, பாதி பாதி மண்ண அள்ளி ரெண்டு கையிலயும் தூக்கிட்டு முடுக்குக்குள்ள போனேன். ஒரு வாளிக்கு 16 கிலோ இருக்கும், பெரிய வெயிட் இல்ல, ரெண்டு பக்கமும் சமமா இருந்தா இடுப்புக்கு நல்லதுன்னு படிச்சிருக்கேன். படிச்சது சரிதான், ஆனா அதப் படிக்கும்போது என் முடுக்க நெனைக்கல. ரெண்டு வாளியும் ஒரு ஆளும் 28 இஞ்ச்ல நேரா போக முடியாது. ஒரு வாளிய முன்னாடி ஒரு வாளியப் பின்னாடி வச்சு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்தேன், பத்தடி போறதுக்குள்ள விரல் முட்டியில தோலு போச்சு, இடுப்பு முறுக்கிக்கிட்டு பழைய எடத்துல சுருக்குன்னு ஒரு இழு. அங்கேயே வாளிய வச்சுட்டு வெளிய வந்து திண்ணையில உக்காந்துட்டேன்.

உக்காந்து யோசிச்சப்பதான் விசயமே புரிஞ்சுது. குனியாத, முட்டிய மடக்கி உக்காந்து தூக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. உக்காரணும்னா முட்டி ரெண்டும் விரியணும், சாமான் ரெண்டு காலுக்கும் நடுவுல வரணும், திரும்பணும்னா இடுப்ப முறுக்காம பாதத்தை எடுத்து வைக்கணும். 28 இஞ்ச்ல முட்டியும் விரியாது பாதமும் திரும்பாது. அப்ப முடுக்குக்குள்ள எதையும் தூக்கவே கூடாது. தூக்குறது எறக்குறது எல்லாம் ரெண்டு முனையிலயும், எடம் இருக்குற எடத்துல மட்டும். நடுவுல இருக்குற 34 அடிக்கு எல்லாமே உருளணும், இல்லன்னா வழுக்கணும்.

எவ்வளவு தூக்கலாம்னு ஒரு அளவும் வச்சுக்கிட்டேன். அமெரிக்காவுல நியோஷ்னு தொழிலாளர் பாதுகாப்புக்குன்னே ஒரு அரசு நிறுவனம் இருக்கு, அவங்க 1991ல திருத்துன கணக்குப்படி எல்லாம் சாதகமா இருந்தாக்கூட 23 கிலோதான் மேல் வரம்பு. அதுவும் சாமான் உடம்போட ஒட்டி இருந்தா. கை பிடிக்கிற எடம் கணுக்காலுக்கு நேர்ல இருந்து 25 செண்டிமீட்டர்ல இருந்தா முழுசா 23, அதுவே 50 செண்டிமீட்டர் தள்ளிப் போச்சுன்னா பாதி, 11.5 கிலோ. சட்டிய எட்டத்துல நீட்டிப் பிடிச்சுக் குடுக்குறமே, அது இடுப்புக்கு ரெண்டு சட்டி. எனக்கு நானே 15 கிலோன்னு வச்சுக்கிட்டேன், மாப்ளைக்கு 23. அவன் சிரிச்சான். ஐஸ் பெட்டி தூக்குற கை அவனுது.

அப்புறம் வழியச் சரி பண்ணுனோம். கடக்கரையில ஒடைச்சுப் போட்ட பழைய வள்ளத்துப் பலகை, மாப்ள கேட்டு வாங்கிட்டு வந்தான், ஒன்றரை இஞ்ச் கனம், உப்புத் தண்ணியில ஊறி இரும்பு மாதிரி. எல்லா ஆணியையும் புடுங்கி, மணல சமமா தட்டி, முடுக்கு நீளத்துக்கும் பரப்புனோம். சேம்பர் மூடி மேல நேரா வெயிட் ஏறாம பலகை ரெண்டு பக்கத்துத் தரையிலயும் உக்கார்ற மாதிரி பாலம் போட்டோம், இல்லன்னா மூடி ஒடஞ்சு அது தனிக் கத ஆயிருக்கும். சுவத்துல நீட்டிக்கிட்டு இருந்த குழாயக் கழட்டி பிளக் போட்டேன். மதில்ல பழைய சாக்கத் தொங்கவிட்டோம், கை உரசாம இருக்க. இதுக்கே சாயந்தரம் ஆயிருச்சு. என் பொண்டாட்டி வந்து பாத்துட்டு, "காலைல இருந்து என்னதான் பண்ணீங்க, மண்ணு அப்படியே இருக்கு"ன்னா.

மண்ணுக்கும் ஜல்லிக்கும் வழி சொன்னது எங்க பெரியப்பா. கரைவலை இழுத்த மனுசன், எழுபது தாண்டிட்டாரு, முதுகு இன்னும் நட்டுக்கிட்டு நிக்கும். தலையில சும்மாடு கட்டிச் சுமக்குறது முதுகுத்தண்டுக்கு நேரா வெயிட் எறங்குறதால நல்லதுதான், பழகுன கழுத்துக்கு, எனக்கு அது இல்ல. பெரியப்பா கேட்டாரு, "ஏன்யா சொமக்குறீங்க, இழுங்களேன்." 200 லிட்டர் நீல டிரம் ஒண்ண நீளவாக்குல ரெண்டா அறுத்தோம். அகலம் 23 இஞ்ச், முடுக்குல போக ரெண்டு பக்கமும் ரெண்டரை ரெண்டரை இஞ்ச் மிச்சம். அறுத்த விளிம்புல பழைய ஓஸ் பைப்பக் கீறி மாட்டுனோம், கைய அறுக்காம இருக்க. முன்பக்கம் ஓட்டை போட்டு ஒரு கயிறு, பின்பக்கம் ஒரு கயிறு. ஒரு முனையில நான், மறு முனையில மாப்ள. அவன் இழுத்தா மண்ணு உள்ள போகும், நான் இழுத்தா காலி டிரம் வெளிய வரும். முடுக்குக்குள்ள ஆளே போக வேண்டியதில்ல!

இழுக்குறதுலயும் பெரியப்பா விடல. மாப்ள குனிஞ்சு கையால இழுத்துக்கிட்டு இருந்தான், "கையில என்னடா இழுக்குற"ன்னு அதட்டிட்டு கயித்தை ஒரு சுத்து அவன் இடுப்புல போட்டு, பின்னால சாய்ஞ்சு காலால தள்ளச் சொன்னாரு, கரைவலை இழுக்குற மாதிரி. உடம்பு வெயிட்டே இழுத்துரும், முதுகு நேரா நிக்கும். ஒரு சந்தேகத்துக்கு மீன் நிறுக்குற கொக்கித் தராசக் கயித்துல மாட்டிப் பாத்தேன், டிரம்முல 60 கிலோ மண்ணு. வெறும் மணல்ல இழுத்தா முள்ளு 35, 40ன்னு ஆடுது. காஞ்ச பலகையில 25. பலகை மேல ஒரு செம்பு தண்ணி ஊத்துனதும் 18. அப்புறம் ஒவ்வொரு அஞ்சு நடைக்கும் ஒரு செம்பு தண்ணி, இதுக்குன்னே என் பையன நிக்க வச்சேன், அவனுக்கு அதுல ஒரே குஷி. செம்மண் முப்பத்திநாலு நடை, ஜல்லி பத்தொம்போது. ஜல்லிய நடைக்கு 55 கிலோவுக்கு மேல ஏத்தல, பிளாஸ்டிக்க கீறுது.

இதுல மம்பட்டி வேலைய மறந்துறக் கூடாது. இழுக்குறத விட அள்ளுறதுதான் இடுப்ப வாங்குது. ரெண்டாவது நடை மண்ண குட்டி யானைல இருந்து தரையில தட்டாம, வண்டிய பின்பக்கமா முடுக்கு வாய்க்கு ஒட்டி நிறுத்தி, வண்டித் தளத்துல இருந்தே டிரம்முக்கு இழுத்து விட்டோம். தளம் தொடை உயரத்துல இருக்கு, குனியவே வேணாம், தூக்கவும் வேணாம். டிரைவர் அரை மணி நேரத்துல மொனக ஆரம்பிச்சுட்டாரு, வெயிட்டிங் காசு முந்நூறு தரேன்னு சொன்னதும் வேப்பமர நெழல்ல போய்ப் படுத்துட்டாரு. முந்நூறு ரூவாய்க்கு அவ்வளவு லாபமான செலவ நான் சமீபத்துல பண்ணல. மூணாவது நடைக்கு அந்தாளு வரல, வேற வண்டி, அவரு நிக்க மாட்டேன்னுட்டாரு, தரையில தட்டிட்டாரு. தரையில இருந்து அள்ளும்போது டிரம்ம மண்ணுக்கு எதிர்ல வைக்காம பக்கத்துல ஒட்டி வச்சு, மம்பட்டிய முன்னாடி வெட்டித் திரும்பி எறியாம, கால் எடுத்து வச்சு இழுத்துத் தள்ளுனோம். கால் மணிக்கு ஒரு தடவ ஆள் மாறிக்கிட்டோம்.

நேரம் ஒண்ணு சொல்லணும். வெயிலுக்குப் பயந்து அஞ்சரைக்கே ஆரம்பிக்கலாம்னு மாப்ள சொன்னான், நான்தான் ஆறரைன்னு நின்னேன். ராத்திரி படுத்துக் கெடக்கும்போது டிஸ்க்கு தண்ணிய உறிஞ்சி உப்பி இருக்கும், எந்திரிச்ச உடனே குனிஞ்சு வேலை செஞ்சா அது மேல அழுத்தம் அதிகம், ஒரு மணி நேரம் நடமாடுன பெறகு சரியாயிரும். அந்த ஒரு மணி நேரம் டீ, பேப்பர், கோழிக்குத் தீனி. பத்தரைக்கு நிறுத்திருவோம், கத்திரி வெயிலு, பாலத்துப் பக்கம் இருந்து வர்ற காத்தே அனலா இருக்கும். நுங்கு சீசன், அம்மா வெட்டி வச்சிருப்பாங்க. மறுபடி நாலரைக்கு. இடுப்பு பெல்ட்டு ஒண்ணு அலமாரியில இருந்துச்சு, கட்டல. அது தைரியத்தைத்தான் கூட்டும், டிஸ்க்கக் காப்பாத்தும்னு சொல்ல ஆதாரம் பத்தல.

கடப்பா கல்லு கொஞ்சம் சுலபம். ஒரு விசயம் மட்டும், அதைப் பலகை மாதிரி படுக்கவச்சுத் தூக்கவே கூடாது, நடுவுல மளுக்குன்னு போயிரும், அப்படி ஒண்ணு போச்சு. குத்துக்க நிறுத்தித்தான் கொண்டு போகணும். மூட்டை தள்ளுற ரெண்டு சக்கர ட்ராலி ஒண்ணு ஐஸ் கம்பெனியில இரவல் வாங்கினோம், டயருக்குக் கொஞ்சம் காத்தை எறக்கி விட்டோம், பலகை இடுக்குல சிக்காம அகலமா உக்காரும்னு. ட்ராலிய நிமித்தி வச்சு கல்ல அதுல சாச்சு, கயித்தால ஒரு கட்டு, பின்னால சாய்ச்சா வெயிட்டு பூரா அச்சு மேல உக்காந்துருது, கைக்கு வர்றது ஏழெட்டு கிலோதான். அதையும் இழுக்கல, தள்ளுனோம், இழுத்தா குதிகால்ல ஏறும். ஒரு கல்லுக்கு மூணு நிமிசம். பள்ளத்துக்கிட்ட எறக்குனதும் ரெண்டு கீழ் மூலையிலயும் மாத்தி மாத்தி ஊனி பீரோவ நகத்துற மாதிரி நடத்தியே கொண்டு போனோம்.

கடைசி நாள் துவைக்கிற கல்லு. 300 கிலோ. ஒரு நாலு பேரக் கூப்ட்டுரலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நாலு பேரு முடுக்குல எங்க நிப்பாங்க? ரெண்டு பேரு, அதுவும் முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன். ஆளுக்கு 150 கிலோவா?

5 அடி கடப்பாரை. கல்லு முனைக்கு அடியில நுனிய விட்டு, நுனியில இருந்து 4 இஞ்ச் தள்ளி ஒரு செங்கல் முட்டு. அந்தப் பக்கம் 56 இஞ்ச் கைப்பிடி, இந்தப் பக்கம் 4 இஞ்ச், 14 மடங்கு. ஒரு முனையத் தூக்க 150 கிலோ வேணும், என் கைக்கு 11 கிலோ. அம்மாவே ஒரு தடவ அமுக்கிப் பாத்தாங்க, கல்லு எந்திரிச்சுது, "அட"ன்னாங்க. ஒவ்வொரு இஞ்ச் எந்திரிக்கும்போதும் மாப்ள பலகைத் துண்ட முட்டுக் குடுத்துக்கிட்டே வந்தான், குச்சியால தள்ளித்தான், கைய உள்ள விடவே கூடாதுன்னு கறாரா சொல்லிட்டேன். கல்லு நழுவுனா விரல் இருக்காது.

உருளைக்கு முதல்ல வீட்டுல கெடந்த 2 இஞ்ச் பிவிசி பைப்ப வெட்டிப் போட்டோம். நாலடி கூடப் போகல, ஒண்ணு நசுங்குச்சு, அடுத்தது பிளந்துச்சு, கல்லு ஒரு பக்கம் சாஞ்சு மதில்ல போய் முட்டுக் குடுத்து நின்னுச்சு. ரெண்டு பேரும் பேசல கொஞ்ச நேரம். கல்லுக்கும் சுவத்துக்கும் நடுவுல அப்ப யாரும் இல்ல, அதுதான் புண்ணியம், அதுக்கப்புறம் பக்கவாட்டுல நிக்கிறதே இல்லன்னு முடிவு. பழைய அடிபம்பு கழட்டுன ஜிஐ பைப்பு பின்னாடி கெடந்துச்சு, ஒன்றேகால் இஞ்ச், துருப்புடிச்சாலும் கனமா இருந்துச்சு, அத 2 அடித் துண்டா நாலு வெட்டினோம். மூணு எப்பவும் கல்லுக்கு அடியில, பின்னாடி வெளிவர்ற நாலாவத பையன் எடுத்து ஓடி, வீட்டுக்குள்ள பூந்து அடுப்படி வழியா வந்து முன்னாடி நிக்கிற மாப்ளகிட்ட குடுப்பான். நான் பின்னாடி இருந்து கடப்பாரையால நெம்பி நெம்பித் தள்ளுறது, தடவைக்கு ரெண்டு இஞ்ச் மூணு இஞ்ச். முதல் பத்தடிக்கு ஐலசா எல்லாம் போட்டான் மாப்ள, அப்புறம் அவனுக்கே போரடிச்சுருச்சு. ஒண்ணே கால் மணி நேரம், 34 அடி.

பாத்ரூம் மூலையில திருப்பம். 4 அடிக் கல்லு அங்க திரும்பணும்னா உருளைய விசிறி மாதிரி சாய்ச்சு வச்சுப் பாத்தோம், பாதி திரும்புது, அப்புறம் பலகைய விட்டு மணல்ல எறங்கப் பாக்குது. பெரியப்பா ஒண்ணும் பேசாம ஒரு சின்னக் கல்ல, எலுமிச்ச அளவு, தட்டையா பாத்து எடுத்துட்டு வந்தாரு. "நடுவுல வைய்யி." கடப்பாரையால தூக்கி, கல்லுக்கு நடு மத்தியில அத வச்சு, உருளை மூணையும் உருவிட்டோம். 300 கிலோ அந்தச் சின்னக் கல்லு மேல தராசு மாதிரி நிக்குது. ஒரு முனையில கால வச்சு லேசா தள்ளுனேன், முழுக் கல்லும் பொம்மை மாதிரி சுத்துது. வள்ளத்தக் கரையில திருப்புறதும் இதுதான்னாரு, நடு அடியில ஒரு கட்டைய வச்சுட்டு மூக்கப் புடிச்சுத் தள்ளுறது.

கல்ல ரெண்டு செங்கல் உசர மேடை மேல ஏத்தி சிமெண்ட் பூசாம சும்மாதான் வச்சிருந்தோம். முதுகு எப்படின்னு கேட்டா, அன்னைக்கு ராத்திரி தொடையும் புஜமும் வலிச்சுது, வலிக்க வேண்டிய எடம் அதுதான், இடுப்பு கம்முனு இருந்துச்சு. இடுப்பு வலியோட கால் மரத்துப் போறது, ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போறது, அப்படி ஏதாவது இருந்தா மட்டும் எண்ணெய் தடவிக்கிட்டு உக்காராம ஆஸ்பத்திரிக்கு ஓடிருங்க.

மறுநாள் காலைல அம்மா துணிய எடுத்துட்டு வந்து கல்லு முன்னாடி நின்னு கண்ணச் சுருக்குனாங்க. "ஏன்யா, கெழக்கால பாத்துல்ல வச்சிருக்க, துவைக்கும்போது வெயிலு மூஞ்சியில அடிக்குமே." மாப்ள என்னையப் பாத்தான். அந்த எலுமிச்சக் கல்லு அங்கதான் கெடந்துச்சு. கடப்பாரைய எடுத்தேன், அஞ்சு நிமிசம் கூட ஆகல.

நீல டிரம்முல ஒரு பாதிய எதுத்த வீட்டு அக்கா ஆட்டுக்குத் தண்ணி வைக்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு பாதிய நான் யாருக்கும் குடுக்குறதா இல்ல, முன்வாசலுக்கு இன்னும் கால் யூனிட் மண்ணு வேணும்.